ஈயைப் பக்கவாட்டில் படம் எடுங்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

குப்பை அறைப் பக்கம் பளபளவென்று பச்சையாக, வீட்டு ஈயைவிடப் பெரிதாக ஒரு ஈ சுற்றுகிறது. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்ன ஈ, ஆபத்தா?" என்று கேட்கிறீர்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வீட்டு ஈ சாம்பல் நிறம், முதுகில் நான்கு கறுப்புக் கோடுகள். மூன்று கோடுகளும், வயிற்றில் சதுரங்கக் கட்டம் மாதிரியும் இருந்தால் சதை ஈ. உடம்பே உலோகம் போல மின்னினால் அநேகமாக புளோஃபிளை. இதுவரை சுமாரான படத்திலேயே சொல்லிவிடலாம். அதற்குள் எந்த இனம் என்பதுதான் கஷ்டம்.

நிறத்தை நம்பாதீர்கள். ஒரே ஈ வெயிலில் பச்சையாகவும் டியூப்லைட்டில் நீலமாகவும் தெரியும். நம் ஊரில் மீன் கடையிலும் குப்பையிலும் அதிகம் மொய்ப்பது கிரைசோமியா மெகாசெபாலா. செங்கல் நிறப் பெரிய கண்கள், ஆரஞ்சுக் கன்னம். அதன் உறவான ரூஃபிஃபேசிஸின் கன்னம் வெளிறியிருக்கும். முன்காலுக்குச் சற்று மேலே ஒரு மூச்சுத்துளை உண்டு. மெகாசெபாலாவுக்கு அது கரும்பழுப்பு, ரூஃபிஃபேசிஸுக்கு வெள்ளை. மேலிருந்து எடுத்த படத்தில் அந்தத் துளை தெரியவே தெரியாது. நீங்கள் அனுப்புவதோ அநேகமாக எல்லாம் மேலிருந்து எடுத்தவை! இன்னொன்று: கண்கள் நடுவில் ஒட்டியிருந்தால் ஆண், இடைவெளி இருந்தால் பெண். இரண்டையும் இரண்டு இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும் ஈதான் படத்துக்கு வசதி. வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முகம், பக்கவாட்டு, முதுகு என்று மூன்று படம் எடுங்கள்.

வீட்டுக்குள்ளோ மாடிப்படியிலோ திடீரென்று இந்த ஈக்கள் நிறைய வந்தால், பெயரைத் தேட வேண்டாம், டக்ட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எலி ஒன்று செத்துக் கிடக்கும். நம் வெயிலில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். மருந்து அடித்தால் பறக்கிறவை சாகும், எலி அங்கேயே கிடக்கும்.

பெயர் உண்மையிலேயே முக்கியமாகிற இடம் ஒன்று உண்டு. கிரைசோமியா பெஸ்ஸியானா என்ற இனம் குப்பையில் முட்டையிடுவதில்லை. உயிருள்ள பிராணியின் காயத்தில் முட்டையிடும், புழுக்கள் உயிருள்ள சதையையே தின்னும். பார்க்க மெகாசெபாலா மாதிரியே இருக்கும். இறக்கையின் அடியில் உள்ள சிறு மடல் இதற்கு வெள்ளை, அதற்குப் பழுப்பு. மொபைல் படத்தில் இதைப் பிரித்துச் சொல்வேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதனால் பார்க்கிங்கில் படுத்திருக்கும் நாயின் காயத்தில் புழு தெரிந்தால், படம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும். மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாமல், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். உதிர்ந்த புழு இரண்டு மூன்றை ஒரு சிறு பாட்டிலில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.