கால் சுற்றில் இருக்கிறது இன்ஜினின் ஆயுள்

(புல்வெட்டும் இயந்திரம் பெற்ற பயனாளிகளுக்கான பயிற்சி நாளில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வாழ்வாதார உதவியாகப் புல்வெட்டும் இயந்திரங்களை வழங்கினோம். ஆனால் அதைப் பராமரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குறை நம்முடையது. அதன் சுமையோ ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தது. வேகம் போதவில்லை என்று கார்புரேட்டர் திருகை ஒரு தம்பி இறுக்கினார். இயந்திரம் சீறிக்கொண்டு ஓடியது. நன்றாகிவிட்டது என்றே நினைத்தார். இரண்டாம் நாள் இன்ஜின் ஜாமாகி நின்றது. பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று. வேலை இருந்த நாட்களில் வருமானம் இல்லாமல் போனது.

காரணம் இதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். அந்தக் கலவையைத் தருவது கார்புரேட்டர். நம்முடையவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனைத் தேயாமல் காக்கிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும்.

திருகைத் தொடும் முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். கையேட்டில் உள்ள அளவுப்படி ஆயில் கலந்த புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும். பிறகு திறந்த வெளியில், பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். அறைக்குள் ஓட்டவே கூடாது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையின்றி உயிரைப் பறிக்கும்.

வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். முதலில் ‘எல்’ திருகு. ரேஸ் கொடுக்காமல் விட்டு, இன்ஜின் அதிக வேகத்தில் ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கால் சுற்றுக்குள் இடப்பக்கம் திறந்து வையுங்கள். ரேஸ் கொடுக்கும்போது திணறினால் இன்னும் சற்றுத் திறக்கலாம். அடுத்து ஐடில் திருகு. ரேஸ் விட்டதும் பிளேடு சுழலாமல் நிற்க வேண்டும்.

கடைசியாக ‘எச்’ திருகு. சில மாடல்களில் இது இருக்காது, அது குறையல்ல. வெட்டும் தலைப்பை மாட்டியே முழு ரேஸ் கொடுங்கள். சீறும் உச்ச வேகத்தில் நிறுத்திவிடாதீர்கள். சத்தம் சற்றுக் கரகரக்கும்வரை இடப்பக்கம் திறங்கள். புல்லில் வைத்ததும் கரகரப்பு நீங்கினால் அளவு சரி. திருகில் பிளாஸ்டிக் மூடி தடுத்தால் உடைத்துத் திருக வேண்டாம்.

சில நாள் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. அன்றே இயந்திரத்தை நிறுத்திவிட்டு நம் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கரியைத் துடைத்துவிடலாம், உருகிய பிஸ்டனை மீட்க முடியாது.

பழுதான இயந்திரத்தை அறக்கட்டளைச் செலவில் சரிசெய்து அந்தத் தம்பியிடமே ஒப்படைத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். இப்போது உங்கள் முன் திருகைத் திருப்பிக் காட்டப்போவதும் அவரே. அருகில் வந்து பாருங்கள். சத்தத்தைக் காதால் கேட்டுப் பழகுங்கள். இனி இயந்திரம் வழங்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பயிற்சியையும் சேர்த்தே வழங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.