தகுதியை வாசலில் அளப்பதா, வார்டில் அளப்பதா?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் துரித நர்சிங் பட்டப் படிப்பில் சேர என்னென்ன தகுதி கேட்கிறார்கள் என்று பேசப் போகிறேன் எனச் சொன்னதும், “சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இது எதற்கு?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ‘தகுதி’ என்ற சொல்லை வைத்தே காலம் காலமாக நம்மை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல் வந்தாலே கோபம் முந்திக்கொள்கிறது. வேறொரு நாட்டில் அது எப்படி வேலை செய்கிறது என்று நிதானமாகக் கழற்றிப் பார்த்தால் நம் ஊர் இயந்திரமும் பிடிபடும். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கருப்பின அறிஞர் டு போய்சுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களின் நிலைக்கும் கருப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் சுட்டினார். கருப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியையும் கேட்டார். அந்த வழியில்தான் நாமும் கொஞ்சம் நடக்கிறோம்.

முதலில் அந்தப் படிப்பு என்ன என்று பார்ப்போம். ஏற்கெனவே வேறொரு துறையில் பட்டம் பெற்றவர், பொருளாதாரமோ இலக்கியமோ படித்தவர், செவிலியர் ஆக விரும்பினால் மறுபடி நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டாம். 11 முதல் 18 மாதங்களில் நர்சிங் இளநிலைப் பட்டம் பெற்றுவிடலாம். விடுமுறையே இல்லாத முழுநேரப் படிப்பு. அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 300 இடங்களில் இது நடக்கிறது.

இதில் சேர என்ன வேண்டும்? கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் பட்டம் வேண்டும். அதில் 4க்கு 3 என்ற அளவில் சராசரி மதிப்பெண் வேண்டும். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் போன்ற பாடங்களை முன்பே தனியாகப் படித்து முடித்திருக்க வேண்டும். பல இடங்களில் அந்த அறிவியல் பாடங்களைக் கடந்த ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும். அதற்கு முன் படித்தது கணக்கில் வராது. ‘டீஸ்’ அல்லது ‘ஹெசி’ என்ற நுழைவுத் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள், தன்னைப் பற்றிய கட்டுரை, சில இடங்களில் நேர்காணல். பிறகு தடுப்பூசிச் சான்று, குற்றப் பின்னணிச் சோதனை, உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்று. கடைசியாக, படிக்கும் காலத்தில் வேலைக்குப் போகாதீர்கள் என்ற அறிவுரை.

வாசித்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது. இனம், நிறம், சாதி என்று எங்கேயும் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். வெளிப்படையாக ‘நீ வராதே’ என்று எழுதியிருந்த காலத்தில் எதிர்ப்பது எளிது. யாரையும் பெயர் சொல்லித் தடுக்காத நிபந்தனைகள் யாரைத் தடுக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒவ்வொரு நிபந்தனையின் முன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நோயாளியின் பாதுகாப்புக்கு இது தேவைதானா? தேவை என்றால், படிப்புக்குள்ளேயே இதைக் கற்றுக்கொடுக்க முடியாதா? இதை நிறைவேற்ற ஆகும் செலவை யார் சுமக்கிறார்கள்?

தடுப்பூசியும் முதலுதவிப் பயிற்சியும் முதல் கேள்வியிலேயே தேறிவிடுகின்றன. அதில் நமக்குத் தகராறு இல்லை. அறிவியல் பாடங்களிலும் நியாயம் இருக்கிறது. பதினைந்து மாதத்தில் முடியும் படிப்பில், இதயத்தில் எத்தனை அறைகள் என்பதிலிருந்து தொடங்க நேரம் கிடையாது. அடிப்படை இல்லாமல் உள்ளே இழுத்துவிட்டால், அந்த மாணவர் பாதியில் கடனோடு வெளியே வந்து நிற்பார். அது சமூகநீதி ஆகாது. ஆனால் ‘ஏழு ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும்’ என்ற விதி யாரைப் பிடிக்கிறது? குழந்தை வளர்ப்பதற்காகவோ, படுத்துவிட்ட தாயைப் பார்த்துக்கொள்வதற்காகவோ இடைவெளி விட்டவரைப் பிடிக்கிறது. அதாவது, செவிலியர் வேலையைச் சம்பளமில்லாமல் வீட்டில் செய்துகொண்டிருந்தவரைப் பிடிக்கிறது.

சராசரி மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் வகுப்புக்குப் போன பதினெட்டு வயதுப் பெண், முதல் ஆண்டில் இரண்டு பாடங்களில் சரிகிறாள். பிறகு தேறி, கடைசி இரண்டு ஆண்டுகள் நன்றாகப் படிக்கிறாள். நான்கு ஆண்டுகளையும் கூட்டி வகுத்தால் 2.8 வருகிறது. கதவு மூடிவிடுகிறது. சில பல்கலைக்கழகங்கள் கடைசி 60 கிரெடிட்டுகளின் மதிப்பெண்ணை மட்டும் கணக்கில் எடுக்கின்றன. அங்கே அதே பெண் உள்ளே போகிறாள். அவள் மாறவில்லை, அளவுகோல் மாறியது, அவ்வளவுதான்.

அடுத்தது பணம். அமெரிக்காவில் ஏழை மாணவர்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி ‘பெல் கிராண்ட்’. மத்திய அரசு தருவது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது முதல் பட்டம் படிப்பவர்களுக்கானது. துரித நர்சிங் படிப்பில் சேர முதல் பட்டம் இருந்தே ஆக வேண்டும். பட்டம் இல்லாவிட்டால் இடம் இல்லை, பட்டம் இருந்தால் உதவித்தொகை இல்லை! மிச்சம் இருப்பது கடன். அதிலும் இளநிலைப் படிப்புக்கான மத்திய அரசுக் கடனுக்கு மொத்த வரம்பு உண்டு. பெற்றோரைச் சாராத மாணவருக்கு அது 57,500 டாலர். முதல் பட்டத்துக்கே பாதியை வாங்கியிருந்தால் மீதி எங்கே? பல தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பின் கட்டணம் மட்டும் 50,000 டாலரைத் தாண்டுகிறது. கூடவே வேலைக்கும் போகாதே என்கிறார்கள். அப்படியென்றால் ஒன்றரை ஆண்டு வாடகையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ள யாராவது இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் எழுதப்படாத தகுதி இதுதான்: பின்னால் தாங்கிப் பிடிக்க ஒரு குடும்பச் சொத்து.

வரலாறு வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. மேரி எலைசா மஹோனி என்ற கருப்பினப் பெண், பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் சமையல், துப்புரவு, துணி துவைக்கும் வேலைகளைச் செய்துவந்தவர். அதே மருத்துவமனையின் 16 மாதப் பயிற்சியில் சேர்ந்து, 1879இல் அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற கருப்பினச் செவிலியர் ஆனார். இன்றைய துரிதப் பட்டத்தின் கால அளவும் ஏறத்தாழ அதுவே. வார்டைத் துடைத்தவர் அதே வார்டில் செவிலியர் ஆக ஒரு வழி அன்று இருந்தது. குறுகிய வழிதான், ஆனாலும் இருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1943இல், செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்க அமெரிக்க அரசு ‘கேடட் நர்ஸ் கோர்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவும் துரிதப் படிப்பே. 36 மாதப் பயிற்சியை 30 மாதமாகச் சுருக்கினார்கள். கேட்ட தகுதி என்ன? 17 முதல் 35 வயது, நல்ல உடல்நலம், பள்ளிப் படிப்பை நன்றாக முடித்திருப்பது. கட்டணத்தை அரசே கட்டியது. சீருடையும் மாத உதவித்தொகையும் தந்தது. இன, நிற, மத வேறுபாடு காட்டக் கூடாது என்பது சட்டத்திலேயே இருந்தது. கருப்பினப் பெண்கள் சுமார் 3,000 பேர் இதில் பயின்றார்கள். செவிலியர் உண்மையிலேயே தேவை என்று அரசு நினைத்தபோது தகுதிப் பட்டியல் மூன்று வரியில் முடிந்தது.

இன்றைய நிலை என்ன? 2022ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, அங்குள்ள பதிவுபெற்ற செவிலியர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வெள்ளையர்கள், கருப்பினத்தவர் சுமார் 6 விழுக்காடு. மக்கள்தொகையில் கருப்பினத்தவர் 13 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் குறைந்த கூலிக்கு நோயாளியைக் குளிப்பாட்டி, மலசலம் எடுக்கும் உதவியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கருப்பினத்தவர். நம் ஊர் அரசு மருத்துவமனையின் வார்டில் யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். படம் பழக்கமானதாகத் தெரியும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மார்களில் 26.6 பேர் இறந்தார்கள். கருப்பினத் தாய்மார்களில் 69.9 பேர். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி, கருத்த தோலில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகிறது என்பதை 2020இல் வந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. ‘வலிக்கிறது’ என்று ஒரு பெண் சொல்லும்போது அதை நம்புகிறவர் கட்டிலுக்கு அருகில் நிற்கிறாரா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த நம்பிக்கையை எந்த நுழைவுத் தேர்வும் அளப்பதில்லை.

“அப்படியென்றால் தரம் குறையாதா? உயிரோடு விளையாடலாமா?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இரண்டாண்டு டிப்ளமா நிலைப் படிப்பை கம்யூனிட்டி காலேஜில் படித்தவரும், துரிதப் பட்டம் பெற்றவரும், நான்காண்டு படித்தவரும் ‘என்கிளெக்ஸ்’ என்ற ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதியாக வேண்டும். தேறாதவர் நோயாளியைத் தொட முடியாது. நோயாளியைக் காப்பாற்றுவது வெளியேறும் இடத்தில் இருக்கும் அந்த அளவுகோல்தான். உள்ளே நுழையும் இடத்தில் இருப்பது, வாய்ப்பை யாருக்குப் பங்கிடுவது என்ற அளவுகோல். இரண்டையும் குழப்புவதில்தான் ‘தகுதி’ அரசியலின் பிழைப்பே நடக்கிறது. நம் நாட்டில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கும் தேர்ச்சி மதிப்பெண் ஒன்றுதான். 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றமும், மருத்துவ மேற்படிப்பு இடஒதுக்கீட்டு வழக்கில், போட்டித் தேர்வு மதிப்பெண்ணாக மட்டும் தகுதியைச் சுருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 2023 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே தடுத்தது.

உதவி செய்தால் நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2008இல் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை, துரித நர்சிங் படிப்பில் சேரும் சிறுபான்மை இன, ஏழை மாணவர்களுக்குத் தலா 10,000 டாலர் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 3,500க்கும் மேற்பட்டவர்களுக்கு அது கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனால் அறக்கட்டளையின் திட்டத்துக்கு ஒரு முடிவு தேதி உண்டு. முடிந்தும்போனது. உரிமைக்கு அப்படி ஒரு தேதி இருக்கக் கூடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே பி.எஸ்சி. நர்சிங் சேர பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அறிவியல் பிரிவு இல்லாத பள்ளியில் சேர்ந்த பெண்ணுக்கு, பதினைந்து வயதிலேயே இந்தக் கதவு மூடிவிடுகிறது. டிப்ளமா படித்தவருக்கு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பட்டம் உண்டு. ஆனால் பி.ஏ. முடித்துவிட்டு இருபத்தைந்து வயதில் செவிலியராக விரும்புகிறவருக்கு அமெரிக்காவில் இருப்பது போன்ற துரித வழி கிடையாது. வார்டில் இருபது ஆண்டு உழைத்த துப்புரவுத் தொழிலாளிக்கு மஹோனி நடந்த வழியும் கிடையாது.

நோயாளியின் உடலைத் தொடுவது தீட்டு என்று ஆதிக்கச் சாதிகள் ஒதுங்கி நின்ற காலத்தில், இந்தத் தொழிலைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் கிறித்தவக் குடும்பங்களின் பெண்கள். சம்பளமும் மரியாதையும் வெளிநாட்டு வாய்ப்பும் வந்த பிறகுதான் ‘தகுதி’ பற்றிய கவலையும் கூடவே வருகிறது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம், நாடு முழுவதும் ஒரே சீரான சேர்க்கை முறை பற்றிப் பேசுகிறது. ‘ஒரே சீரான’ என்ற சொல் நீட் விஷயத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006இல் சட்டம் போட்டுத் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை ஒழித்த மாநிலம் இது.

நம் கோரிக்கைகள் நான்கு. நர்சிங் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கூடாது. அறிவியல் படிக்காதவர்களுக்கு அரசே ஓராண்டு இணைப்புப் படிப்பு நடத்த வேண்டும். மருத்துவமனை உதவியாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் ஊதியத்தோடு கூடிய விடுப்பில் படித்துச் செவிலியராக வழி வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

1897இல் புனேவைப் பிளேக் வாட்டியபோது, சாவித்திரிபாய் புலே நோயாளிகளைத் தேடிப் போய்க் கவனித்தார். நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். அந்தச் சேவைக்கு அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே வரிசையில் வேறு யாரும் நிற்கவில்லை. வரிசை நீளும்போதுதான் சான்றிதழ் கேட்பார்கள்.

ஒரு வேலையோடு முடிக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒரு நர்சிங் கல்லூரியின் சேர்க்கை விதிகளை வாங்குங்கள். நான் சொன்ன மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு வரிக்கும் போடுங்கள். தேறாத வரிகளைக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அங்கிருந்து மனு எழுதத் தொடங்கலாம்.