யோசேப்புக்குக் கிடைத்த செய்தி

திருக்குடும்பத் திருவிழா – வானொலி மறையுரை
நற்செய்தி: மத்தேயு 2:13-15, 19-23



கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. குடிலில் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் இன்றைய நற்செய்தியில் அந்தக் குடும்பம் குடிலில் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டுவிட்டது.

இந்த வாசகம் முழுவதும் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. செய்தி வருகிறது, கிளம்புகிறார். தப்பி ஓடு என்று ஒரு செய்தி. ஏரோது இறந்துவிட்டான், திரும்பிப் போ என்று இன்னொரு செய்தி. இவை இரண்டும் ஆண்டவரின் தூதர் கனவில் சொன்னவை. திரும்பி வரும்போது, யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலா ஆட்சி செய்வதாகக் கேள்விப்படுகிறார். அங்கே போக அஞ்சுகிறார். இதை அவருக்குச் சொன்னது யார் என்று மத்தேயு எழுதவில்லை. வழிப்போக்கராக இருக்கலாம், எதிரே வந்த வணிகராக இருக்கலாம். அந்தச் செய்தி உண்மையாக இருந்தது. கனவிலும் எச்சரிக்கை வந்தது. அதனால் அவர் கலிலேயாவுக்குத் திரும்பி நாசரேத்தில் குடியேறினார். யாரோ ஒருவர் பொய் சொல்லியிருந்தால்?

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952ஆம் ஆண்டு புலம்பெயர்ந்தோர் பற்றி 'எக்சூல் ஃபமிலியா' என்ற ஆவணத்தை வெளியிட்டார். எகிப்துக்கு ஓடிய நாசரேத்துக் குடும்பம்தான் எல்லாக் காலத்திலும் புலம்பெயரும் மக்களுக்கு முன்மாதிரி என்று அதன் தொடக்கத்திலேயே சொல்கிறார். சரி, அந்த மக்களை எங்கே பார்ப்பது? நான் இருப்பது திருப்பூரில். கோவிலுக்கு வெளியே வந்தால் போதும்.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இரண்டு இரவு ரயிலில் வந்து, பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள். சிம்டேகா, கும்லா, சுந்தர்கட் பக்கத்துப் பழங்குடி மக்களில் நம் கத்தோலிக்கர்கள் நிறையப் பேர். ஞாயிறு திருப்பலியில் கடைசிப் பெஞ்சில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களில் ஒரு தம்பி, வாசகம் வாசிக்கும் நேரமெல்லாம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பொறுக்காமல், பீடத்திலிருந்தே, "கோவிலுக்குள் கைப்பேசி வேண்டாம்" என்று கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி பையில் போட்டுக்கொண்டான். திருப்பலி முடிந்ததும் வந்து திரையைக் காட்டினான். அன்றைய வாசகம், இந்தியில். தமிழில் வாசிப்பது அவனுக்குப் புரியாது என்று அத்தனை நாளும் எனக்குத் தோன்றவே இல்லை. இறையியல் படித்து என்ன பயன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சின்னப் பெட்டி அவர்களுக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். வேலை இருக்கிறது, வா என்று ஊர்க்காரன் கூப்பிடுவது வாட்ஸ்அப்பில். டிக்கெட் எடுப்பது அதில். சம்பளம் வந்த மறுநிமிடம் அம்மாவின் கணக்குக்குப் பணம் போவதும் அதில். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் இந்தியில் பேசினால் அது தமிழில் பேசிக் காட்டுகிறது. எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? என் அண்ணன் 1980களில் வளைகுடாவுக்குப் போனபோது, வீட்டில் எல்லோரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து போகிறவர்களிடம் கேசட்டைக் கொடுத்து அனுப்புவோம். அம்மா பேச ஆரம்பித்தாலே அழுதுவிடுவார்கள். பாதிக் கேசட் அழுகைதான். இன்றைக்கு அந்தத் தம்பியின் அம்மா தினமும் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். இது கடவுளின் கொடை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் 2023 மார்ச் மாதத்தை நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. எங்கோ எப்போதோ வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியவை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நம் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. இங்கே மாவட்ட நிர்வாகத்தினர் கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேசினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் ரயில் ஏறிவிட்டார்கள். ஹோலிக்குப் போனவர்கள் பாதி, பயந்து போனவர்கள் பாதி.

தம்பியும் போனான். அவன் பீகாரி இல்லை, ஆனால் அடிக்கிறவன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா அடிப்பான்? ஊரில் அவன் அம்மா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கே கிளம்பு" என்று அழுதிருக்கிறார்கள். மூன்று வருடமாக அவன் இருந்தது ஒரு லைன் வீட்டில். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப்புறம் நம் பங்குக் குடும்பம். அவன் சமைக்கும் கடுகு எண்ணெய் வாசனை இவர்களுக்குத் தெரியும். இவர்கள் சொல்லும் செபமாலை அவனுக்குக் கேட்கும். அவன் போனபிறகு அந்த அம்மா என்னிடம் வந்து, "சாமி, பக்கத்து வீட்டுப் பையன் பூட்டிட்டுப் போய்ட்டான், ஏன்னே தெரியல" என்றார்கள். "போன் பண்ணிக் கேட்கலாமே?" என்றேன். நம்பர் இல்லை. பெயரும் தெரியவில்லை.

ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற தாயின் அழுகை அவனுக்கு ஒரு நொடியில் வந்து சேர்ந்தது. "இது பொய் தம்பி, நாங்க இருக்கோம், போகாதே" என்று சொல்ல, ஒரு முழம் தள்ளி இருந்தவர்களிடம் அவன் நம்பர் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் மெஷினில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

இதில் நான் அடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காணொளி எங்கள் அன்பியக் குழுவிலும் வந்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் அனுப்பவில்லை, 'இது உண்மையா?' என்று கேட்டுத்தான் அனுப்பினார்கள். நானும் பார்த்தேன். பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்து மூடிவிட்டேன். பொய் என்று ஒரு வரி எழுதவில்லை. கடைசிப் பெஞ்சில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, பயப்படாதீர்கள் என்று சொல்லவும் இல்லை. தவக்காலம், வேலை அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே கைப்பேசிகளில் 'வடக்கன்' என்று கேலி செய்யும் படங்கள் இன்றும் வருகின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் என்று ஏதோ ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்தான் திருப்பூரில் நம்மில் பாதிப் பேர். நாமும் அதைப் பார்த்துச் சிரிக்கிறோமே!

திருத்தந்தை பிரான்சிஸ் புலம்பெயர்ந்தோருக்காக நான்கு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்துதல், ஒருங்கிணைத்தல். நான்கில் ஒன்றையும் செயலியில் தரவிறக்கம் செய்ய முடியாது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஜார்க்கண்ட் அட்டை உள்ளவர் இங்கே விரல் வைத்து அரிசி வாங்கலாம். தம்பியிடம் அட்டை இருந்தது, விரலும் இருந்தது. கடையில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப்புறம் இருந்த அந்த அம்மாதான், அவன் திரும்பி வந்தபிறகு, கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். இப்போது அவர்களிடம் அவன் நம்பர் இருக்கிறது. பெயரும் தெரியும்.

என்னிடமும் இருக்கிறது. அமெரிக்கா நம் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு, ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவன் கூப்பிட்டான். "ஃபாதர், எல்லாக் கம்பெனியும் மூடப்போகுதுன்னு வீடியோ வருது. அம்மா கிளம்பி வரச் சொல்றாங்க. உண்மையா?" எனக்குத் தெரியவில்லை. "பத்து நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு, கம்பெனி நடத்தும் நம் பங்கு அண்ணன் ஒருவரை எழுப்பிக் கேட்டேன். "ஆர்டர் குறைஞ்சிருக்கு சாமி, ஓவர்டைம் இருக்காது. ஆனா எல்லாத்தையும் மூடுறாங்கங்கறது பொய்" என்றார். அதை அப்படியே அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி ஃபாதர், அம்மாகிட்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.