வெறும் நிலம் எண்டு ஒண்டு இல்லை

(பிளாக்டவுன் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் இருந்து கதைக்கிற இந்த இடம் தாருக் மக்களின்ர நிலம். இதைச் சடங்குக்காகச் சொல்லேல்லை. இண்டைக்கு நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

வீடியோ கேம்களில் வரும் நாட்டுத் தலைவர்களைப் பற்றிப் பேசச் சொன்னீங்கள். கேம் கொம்பனிகளுக்கு ஒரு மனு எழுதுவம், ஈழத்தமிழருக்கும் ஒரு தலைவரைப் போடச் சொல்லிக் கேட்பம் எண்டு எங்களில் சிலர் சொல்லினம். அந்த மனுவில் நான் கையெழுத்து வைக்க மாட்டன். ஏன் எண்டு சொல்லுறன்.

2022இல் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ எண்ட விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் ஒரு நாகரிகம். இராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு போர்க்கதை. 2025இல் வந்த ‘சிவிலைசேஷன் 7’இல் சோழரும் இருக்கினம். ஆனால் சோழத் தலைவர் இல்லை. அசோகனை வைச்சுக்கூட சோழரை ஆளலாம்! சிரிப்பு ஒரு பக்கம். அரசு இல்லாத ஒரு சனத்துக்கு, உலகமே விளையாடுற திரையில் தன்ர பேரைக் காணுறது சின்ன விசயம் இல்லை. அந்தச் சந்தோசம் எனக்கும் விளங்குது.

ஆனால் எந்த வாசலால் எங்களை உள்ளே விட்டவை? பேரரசு எண்ட வாசலால். இராஜராஜன் 993இல் இலங்கைக்குப் படை அனுப்பினான். 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடிச்சுக் கொண்டுபோச்சினம். அவன் சோழநாட்டுச் சிறையிலேயே செத்தான். ‘ஆண்ட பரம்பரை’ எண்டு இதைத் தூக்கிப் பிடிச்சால் என்ன நடக்கும்? தமிழர் எண்டால் படையெடுத்து வந்தவர்கள் எண்டு சிங்களப் பேரினவாதம் சொல்லுற கதைக்கு நாங்களே சாட்சி சொல்லுறம். அதோட, மலையகத் தமிழரை எங்க வைப்பீங்கள்? அவை வாளோட வரேல்லை. கோப்பி, தேயிலைத் தோட்டங்களில் முதுகு முறிய வேலை செய்ய வந்தவை. 1948இல் அவையின்ர குடியுரிமையைப் பறிச்சபோது எந்தச் சோழனும் உதவிக்கு வரேல்லை. ஒரு மண்ணில் வாழ்ந்து உழைக்கிறதால் வாறதுதான் உரிமை. ஒரு காலத்தில் வென்றதால் அது வராது.

பேரரசு இல்லாதவைக்கு வேறொரு வாசல் இருக்கு: கற்பனை நாட்டுச் சர்வாதிகாரி. 2014இல் வந்த ‘ஃபார் க்ரை 4’இல் இமயமலையில் கிராத் எண்ட நாடு, பேகன் மின் எண்ட கொடுங்கோலன். அவனை எதிர்த்துக் கெரில்லாக்கள் போராடினம். ஆனால் அவையின்ர இரண்டு தலைவர்களில் யாரை ஆதரிச்சாலும், கடைசியில் அவரும் கொடுமைக்காரராக மாறுவார். எதிர்த்தும் பிரயோசனம் இல்லை எண்டதுதான் பாடம். இந்தப் பாடம் எங்களுக்குப் புதுசா?

இனி அவுஸ்திரேலியா. 2017இல் ‘சிவிலைசேஷன் 6’க்கு அது வந்தபோது தலைவர் ஜோன் கேர்ட்டின்: 1941 முதல் 1945 வரை லேபர் பிரதமர், பழைய தொழிற்சங்கவாதி. இடதுசாரிகள் சந்தோசப்படலாம். ஆனால் அந்த விளையாட்டு எப்படி நடக்குது? நீங்கள் குடியேறிகளை அனுப்புறீங்கள், வெறும் நிலத்தில் நகரம் எழும்புது. எதிர்க்கிறவையின்ர பேர் ‘காட்டுமிராண்டிகள்’. வெறும் நிலம் எண்ட அந்தப் பொய்யை 1992இல் மாபோ வழக்கில் இந்த நாட்டு உயர்நீதிமன்றமே தூக்கி எறிஞ்சுது. விளையாட்டில் அது இன்னும் சட்டம்.

பிளாக்டவுன் எண்ட பேர் எங்கால வந்தது? பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரிச்சு வைச்ச ‘நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்’ 1823இல் பரமட்டாவில் இருந்து இந்தப் பக்கம் வந்தது. அந்த இடத்தைத்தான் ‘பிளாக் டவுன்’ எண்டு கூப்பிட்டவை. ஓக்ஹேர்ஸ்ற்றில் உள்ள அந்த நிலம் தாருக் மக்களிடம் திரும்பப் போனது 2018இல்தான். எங்கட சனம் கனபேர் இருக்கிற டூங்காபியில், 1797இல் பெமல்வோய் எண்ட பிஜிகல் வீரர் அரசாங்கப் பண்ணையைத் தாக்கினார். 1802இல் அவரைச் சுட்டுக் கொன்று, தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பிச்சினம்.

அப்ப பெமல்வோயையும் தலைவராகப் போடுங்கோ எண்டு கேட்பமா? 2018இல் ‘சிவிலைசேஷன் 6’ கனடாவின் கிறி மக்களையும் அவையின்ர தலைவர் பவுண்ட்மேக்கரையும் சேர்த்தது. அந்தச் சமூகத்தின் தலைவர்களில் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் அதை வெளிப்படையாக விமர்சிச்சார். மற்றவர்களை வெல்லுறதுதான் எங்கட விழுமியமும் எண்டு இது காட்டுது, அது எங்கட உலகப் பார்வை இல்லை எண்டதுதான் அவர் சொன்னதின் சாரம். முகத்தைப் போட்டாலும் விதி குடியேற்றக்காரனின்ர விதிதான்.

விளையாட வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. நானும் விடிய விடிய விளையாடுறனான். மனுவுக்குப் பதிலாக ஒண்டு செய்வம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோட இருந்து ஒரு ஆட்டம் விளையாடுவம். நகரம் கட்டுற ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வியைக் கேட்பம்: இந்த இடத்தில் முதல் இருந்தது யார்? முல்லைத்தீவில் இராணுவம் பிடிச்சு வைச்சிருக்கிற காணிகளைப் பற்றிக் கதைக்கவும் அந்தக் கேள்வி போதும். பிளாக்டவுனைப் பற்றிக் கதைக்கவும் போதும்.