கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்

(பாப்டிஸ்ட் சபைகளின் ஐக்கிய சங்க ஆண்டுக் கூட்டத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. ஆதரவாளர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடப்படுகிறது.)



என்னை வழக்கமாகக் கூட்டத்தின் ஆரம்பத்தில் ஜெபிக்கவோ, முடிவில் ஆசீர்வாதம் கூறவோதான் அழைப்பீர்கள். பணம் பற்றிப் பேச இதுவே முதல் தடவை. பழைய மிஷனெரி பங்களா நிலத்தை விற்று, அந்தப் பணத்தை ஊழியர் சம்பளத்துக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் ஏழைகள் படுக்கை நிதிக்கும் கொடுக்கலாம் என்று இன்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அந்தப் படுக்கைகளின் அருகே தினமும் நின்று ஜெபிக்கிறவன் நான். ஆகவே ஆதரித்துப் பேசுவேன் என்று பொருளாளர் ஐயா எதிர்பார்த்திருப்பார். அவர் என்னை மன்னிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

நம்முடைய பாப்டிஸ்ட் மிஷன் எப்படித் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்ப்போம். 1792 அக்டோபர் 2ஆம் தேதி இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில், ஒரு விதவை அம்மையாரின் வீட்டில் சில கிராமத்துப் போதகர்கள் கூடினார்கள். அன்றைக்கு அவர்கள் வாக்குப்பண்ணிய தொகை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். ஆண்ட்ரூ புல்லர் ஐயரின் மூக்குப்பொடி டப்பாதான் காணிக்கைத் தட்டு! அதில் விழுந்தவை காசுகள் அல்ல, இன்ன தொகை தருகிறேன் என்று எழுதிய சீட்டுகள். வில்லியம் கேரி ஐயர் இந்தியாவுக்கு வந்தார். அவரைப் பற்றி நமது ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். புல்லரைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர் தமது சபையையும் கவனித்துக்கொண்டு, 1815இல் மரிக்கும் வரை அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்து, ஸ்காட்லாந்து வரைக்கும் ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்த்தார். ஆழமான சுரங்கத்துக்குள் ஒருவர் இறங்க, மேலே நிற்கிறவர்கள் கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்வது என்று அவர் தமது வேலையை விளக்கியதாகச் சொல்வார்கள். இறங்கினவருக்குச் சிலை உண்டு. கயிறு பிடித்தவருக்குக் கையில் காய்ப்புத்தான்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் கிராம மருத்துவ ஊழியத்துக்கென்று வெளிநாட்டு நண்பர்கள் ஒரு வேன் வாங்கித் தந்தார்கள். பிரதிஷ்டை ஆராதனை, மாலை, புகைப்படம் எல்லாம் சிறப்பாக நடந்தன. டிரைவர் சம்பளம், டீசல், இன்ஷூரன்ஸ் இவற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் அந்த வேன் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. கோழிகள் அதில் முட்டையிட்டன. ஊழியத்தை ஆரம்பிக்கப் பணம் கொடுக்க ஆள் உண்டு. நடத்துவதற்கு ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

செராம்பூரில் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூவரும் வேறொரு வழியைக் கையாண்டார்கள். கேரி 1801 முதல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கற்பித்தார். முதலில் மாதம் 500 ரூபாய், பின்னால் 1,000 ரூபாய் சம்பளம். மார்ஷ்மன் தம்பதியர் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வார்டு அச்சகத்தைக் கவனித்தார். எல்லா வருமானமும் ஒரே பொதுப் பைக்குப் போயிற்று. குடும்பத்துக்குச் சிறு படி மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1812 மார்ச் 11ஆம் தேதி அச்சகம் தீப்பிடித்து, ஏறக்குறைய 10,000 பவுன் நஷ்டமாயிற்று. செய்தி இங்கிலாந்தை எட்டிய இரண்டே மாதத்தில் சபைகள் அந்தத் தொகையைச் சேர்த்துவிட்டன. இது எல்லாரும் சொல்லும் கதை.

அதிகம் பேசப்படாத கதை பின்னால் நடந்தது. செராம்பூர் ஊழியத்துக்கான நிதிகள் கல்கத்தாவிலிருந்த ஏஜென்சி கம்பெனிகளில் வட்டிக்குப் போடப்பட்டிருந்தன. அதிகாரிகளும் விதவைகளும் நம்பிப் பணம் போட்ட பெரிய கம்பெனிகள் அவை. அந்தப் பணமோ பெரும்பாலும் நீல வியாபாரத்தில் முடங்கிக் கிடந்தது. நீலத்தின் விலை சரிந்தது. 1830 ஜனவரியில் பால்மர் கம்பெனி விழுந்தது. அடுத்த மூன்று நான்கு வருஷத்தில் மற்றவையும் விழுந்தன. செராம்பூருக்கு எழும்ப முடியாத அடி. 1827இல் இங்கிலாந்துச் சங்கத்தோடு மனஸ்தாபப்பட்டுப் பிரிந்திருந்த அந்த மிஷன், கேரி 1834இல் மரித்து மூன்று வருஷத்துக்குப் பின், 1837இல் அதே சங்கத்தோடு மறுபடியும் சேர்ந்தது. வட்டிக்குப் போட்ட மூலதனம் போயிற்று. சிறு சிறு சபைகளின் வருஷச் சந்தாவில் நடந்த சங்கம் நின்றது. என்னுடைய பி.டி. பட்டமே செராம்பூர் பட்டம்தான். ஆகையால் இதைச் சொல்லும்போது சொந்த வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவது போல எனக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 1919இல் ஐந்து வருஷத்தில் 7.5 கோடி டாலர் சேர்ப்போம் என்று புறப்பட்டார்கள். 9.2 கோடிக்கு வாக்குறுதிகள் குவிந்தன. அதை நம்பிச் செலவைத் தொடங்கினார்கள். கைக்கு வந்ததோ 5.8 கோடியைச் சற்றே தாண்டியது; மீதி கடனாக நின்றது. 1925இல் அந்த முறையை மாற்றி, ஒவ்வொரு சபையும் தன் காணிக்கையில் ஒரு பங்கைத் தொடர்ந்து அனுப்பும் கூட்டுறவுத் திட்டத்தை ஏற்படுத்தினார்கள். அது இன்றுவரை இருக்கிறது. அதே அமெரிக்காவில், அரிசோனாவில், பாப்டிஸ்டுகளின் பெயரால் நடந்த ஒரு நிதி நிறுவனம் 1999இல் திவாலானபோது சுமார் 11,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்; பலர் வயதானவர்கள். நம்மவர் நடத்துகிற நிறுவனம், இதற்குத் தணிக்கை எதற்கு என்று எண்ணுகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி நமது நிலத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு இரண்டு கோடி ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 6.5 சதவீத வட்டி என்றால் வருஷம் 13 லட்சம். பெரிய தொகைதான். ஆனால் விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறுமானால், மூலதனம் கரையாமலிருக்க 10 லட்சத்தைத் திரும்ப அதிலேயே போட வேண்டும். செலவழிக்க மிஞ்சுவது 3 லட்சம். தீர்மானத்திலோ முதலையே எடுத்துச் சம்பளம் கொடுப்பதாக எழுதியிருக்கிறது. அப்படியானால் அது சில வருஷத்துச் சோறு. அதன்பின் நிலமும் இராது, கொடுத்துப் பழகிய சபைகளும் இரா. எனக்கு அதிகப் பயம் இரண்டாவதைப் பற்றித்தான்.

வெளிநாட்டு உதவி முன்போல வரும் என்றும் எண்ண வேண்டாம். 2020இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பணம் முதலில் டில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும்; பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. ஆகவே தலைமை அமைப்பு வாங்கி நமக்குப் பிரித்துக்கொடுத்த காலம் முடிந்துவிட்டது.

மிசோரமைப் பாருங்கள். அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபைகளிலும் பாப்டிஸ்ட் சபைகளிலும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு வழக்கம் உண்டு. சமைக்கும் பெண், ஒவ்வொரு வேளையும் உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே வைக்கிறாள். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து விற்கிறார்கள். அந்தப் பணத்தால் மிஷனெரிகளை அனுப்புகிறார்கள். நம் சபைகளிலும் பிடியரிசி இருந்தது. என் தாயார் அடுக்களையில் ஒரு பழைய மண்கலயம் அதற்கென்றே இருந்தது. பிள்ளைகள் நாங்கள் பசியில் அழுத நாளிலும் அதில் அவர்கள் கை வைத்ததில்லை. பிறகு ரேஷன் அரிசி வந்தது, கலயம் போயிற்று. ரேஷன் அரிசியிலும் ஒரு பிடி எடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாம் பாப்டிஸ்டுகள். அத்தியட்சர் மண்டலத்தில் செய்வது போல இந்தச் சங்கம் எந்தச் சபைக்கும் வரி விதிக்க முடியாது, கேட்கத்தான் முடியும். எனவே கேட்கிறேன். நமது 40 சபைகளிலும் சராசரி 50 குடும்பம் என்றால் 2,000 குடும்பம். குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய் என்றால் வருஷம் 12 லட்சம். நிலத்தை விற்றுக் கிடைக்கும் வட்டிக்கு ஏறக்குறைய சமம். நிலமும் நம்மிடமே இருக்கும். எல்லாரும் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் கொடுத்தாலும் 6 லட்சம் ஆயிற்று.

ஆனால் ஜனங்கள் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் அல்ல. யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வந்துகொண்டிருந்தும், 23ஆம் வருஷமட்டும் வேலை நடக்கவில்லை. பிறகு ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தார்கள். ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். இரண்டு பேர், இரண்டு தரப்பு. 2 இராஜாக்கள் 12ஐ வீட்டில் போய் வாசியுங்கள். நம்முடைய சங்கத்தில் சென்ற இரண்டு வருஷமாகத் தணிக்கை அறிக்கை அச்சிட்டுச் சபைகளுக்கு அனுப்பப்படவில்லை. யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. திருடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கலயத்தில் அரிசி போடுகிறவளுக்கு அதைத் தெரிவிக்க வேண்டாமா?

ஆகவே என் திருத்தம் இது. நிலம் விற்பனைக்கு அல்ல. பங்களாவைப் பழுதுபார்த்து, நோயாளிகளுடன் வருகிறவர்கள் தங்க நியாயமான வாடகைக்கு விடலாம்; தாழ்வாரத்தில் சாக்கு விரித்துப் படுக்கிறவர்களை இரவு தோறும் பார்க்கிறேன். அவர்களும் கொஞ்சம் கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள். மூலதன நிதிக்கென்று யாராவது கொடுத்தால், அதை எழுத்தில் வாங்கித் தனிக் கணக்கில் வையுங்கள், அவசரத்துக்குக்கூடத் தொடாதீர்கள். தணிக்கை அறிக்கையை அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. வாசலருகே மேஜையில் வாக்குறுதிச் சீட்டுகள் இருக்கின்றன. இன்றைக்கே நிரப்பிக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய், அடுக்களையில் இருப்பவர்களிடம் கேட்டு, முடிந்த தொகையை மட்டும் எழுதுங்கள். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு அன்று நானே ஒவ்வொரு பக்கமாக வந்து வாங்கிக்கொள்கிறேன். பஸ்ஸில்தான் வருவேன், கொஞ்சம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.