ஏரிக்கு எதற்குக் கலங்கரை விளக்கம்?

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வகுப்பறை அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பில் வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே துறைமுகமும் கலங்கரை விளக்கமும் உண்டு என்றதும் ஒரு மாணவன் எழுந்து, "ஏரிக்கு எதுக்கு சார் கலங்கரை விளக்கம்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. அவனுக்குத் தெரிந்த ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு. இக்கரையில் நின்றால் அக்கரையில் மேயும் மாடு தெரியும்.

மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நடுவே நின்றால் கரை தெரியாது. புயலடித்தால் கப்பலையே கவிழ்க்கும் அலைகள் எழும். இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியானது. அந்த அமைதியில்தான் ஹாரியட் கோல்ஃபாக்ஸின் கதையைச் சொன்னேன்.

ஏரியின் தென்கரையில், இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் சிட்டி என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே 1858இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கு 1861இல் காப்பாளராக வந்தவர் ஹாரியட். வயது 37. அதற்கு முன் இசை கற்றுக்கொடுத்தவர். சகோதரரின் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தவர். உறவினர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸ் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரும் ஆனார். அவருடைய பரிந்துரையால் கிடைத்த வேலை என்று ஊரில் பேசினார்கள். இருக்கலாம். ஆனால் பரிந்துரை ஒருநாள்கூட விளக்கேற்றாது.

1871இல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் முனையில் இன்னொரு விளக்கு வைத்தார்கள். அதையும் அவரே ஏற்ற வேண்டும். பிறகு அது எதிர்ப்பக்கச் சுவருக்கு மாறியது. அதற்குப் பிறகு படகில் ஓடையைக் கடந்து, அலை வந்து மோதும் நீண்ட சுவரின் மேல் நடந்துபோக வேண்டியிருந்தது. அன்று எரித்தது பன்றிக் கொழுப்பு எண்ணெய். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல் அதுவும் குளிரில் உறையும். அடுப்பில் சுடவைத்து, ஆறுவதற்குள் கொண்டுபோவார். வழியிலேயே உறைந்துவிட்டால் திரும்பி வந்து மறுபடி சுடவைப்பார். 1886ஆம் ஆண்டுப் புயல் அந்தச் சுவர்முனை விளக்கையே அடித்துக்கொண்டு போனது.

காற்றையும் அலையையும் பற்றி அவர் எழுதிய பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. நாமும் பதிவேடு எழுதுகிறவர்கள்தான். அதன் அருமை நமக்குத் தெரியும். அவருடன் அதே வீட்டில் வாழ்ந்த தோழி ஆன் ஹார்ட்வெல் ஒரு பள்ளி ஆசிரியை. 1904இல், 80ஆவது வயதில், 43 ஆண்டுப் பணிக்குப் பிறகு ஹாரியட் ஓய்வுபெற்றார். மறு ஆண்டே காலமானார். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

கதை முடிந்ததும் கடைசி வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஒரு நாள் கப்பலே வரலைன்னா, அன்னைக்கும் ஏத்துவாங்களா சார்?"

"ஏற்றுவார். கப்பல் வருமா வராதா என்று மாலையில் அவருக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாலையில் வாசிப்புப் பயிற்சி வகுப்பு நடத்தி வந்தேன். பன்னிரண்டு பேர் வந்த இடத்தில் இரண்டு பேர் மட்டும் வரத் தொடங்கியதும், "இரண்டு பேருக்காகவா?" என்று நிறுத்திவிட்டேன். நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த இருவரில் ஒருத்திதான் இந்தக் கேள்வியைக் கேட்டவள்.

மறுநாள் மாலை வகுப்பை மறுபடியும் தொடங்கினேன். அன்றும் இரண்டு பேர்தான். இப்போது ஐந்து பேர் வருகிறார்கள். பெரிய எண்ணிக்கை இல்லை. அந்த மாணவி போன வாரம் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்தாள்.

இந்தப் பாடத்தை நீங்களும் நடத்திப் பாருங்கள். எண்ணெய் உறைவது அறிவியல், ஏரியின் பரப்பு கணக்கு, பெண்ணின் பணி வரலாறு. ஆனால் முதலில் மாணவரின் கேள்விக்கு இடம் விடுங்கள். எனக்கான பாடம் அங்கிருந்துதான் வந்தது.