இரண்டு வாளித் தண்ணீர்

(வண்டி கழுவும் தொழில் பழக வந்த இளைஞர்களிடையே செயலாளர் பேசியது)



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். அவர்கள் கண்ணெதிரே மோட்டார் போட்டுப் பீய்ச்ச எங்களுக்கு மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கை கொள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளூ செய்தவர்கள். ஒரு பைக்குக் கழுவ ஒன்று, அலச ஒன்று என இரண்டு வாளி போதும்.

நம் கரிசல் சேறு காய்ந்தால் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படியே துடைத்தால் பெயிண்டில் கீறல் விழும். என்ஜின் சூடு ஆறட்டும். பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவிட்டு, மேலிருந்து கீழே கழுவுங்கள். மட்கார்டின் அடிப்பக்கம் கடைசியில்தான். அந்தத் துணி மறுபடி டேங்க்கில் படக்கூடாது. சோப்புத்தூள் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

செயின் அழுக்கை என்ஜினை நிறுத்திவிட்டே, பழைய பிரஷ்ஷால் எடுங்கள். பிறகு அளவாக ஆயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நாங்களே ஒருமுறை டிரஸ்ட் வண்டிக்குத் தாராளமாக விட்டோம். அது பின் டயரில் தெறித்திருக்கிறது. பந்தல்குடி ரோட்டில் ஆடு குறுக்கே வர, பிரேக் போட்டதும் வண்டி சறுக்கிவிட்டது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே வண்டியைக் கொடுக்குமுன் நீங்களே பத்தடி ஓட்டி, பிரேக் பிடித்துப் பாருங்கள். கூலி அப்புறம் வாங்கலாம்.